ஆபத்துக் குரலுக்கான பதினாறாம் சேனலைக் கரையில் கேட்பது யார்?

கடலோரப் பாதுகாப்பிலும் கடல் மீட்பிலும் பொறுப்புள்ள எல்லாத் துறைகளின் அதிகாரிகளுக்கும் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

சென்ற வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடந்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் மீனவர் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை வைத்தோம். கடலில் விபத்து நேரும்போது உங்கள் துறைகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளப் பொதுவான வயர்லெஸ் இணைப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டோம். "எல்லாத் துறையினரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதுவே போதுமானது" என்று முடிவு சொல்லிவிட்டு, மணல்மூட்டைக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் விசைப்படகில் டிரைவராகப் போனவன் நான். முதுகுத்தண்டு ஒத்துழைக்காததால் கரையேறி, இப்போது பாம்பனில் படகுகளின் பேட்டரி, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் ஆகியவற்றைப் பழுது பார்க்கிறேன். செட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நடுக்கடலில் கூப்பிட்டுப் பதில் வராதபோது வயிறு என்ன செய்யும் என்பதும் தெரியும். கீழே சொல்லும் நிகழ்ச்சியில் எந்த அலுவலகத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அன்று பணியில் இருந்தவர்கள் மாறுதலாகிப் போயிருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த ஏற்பாடு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகையில் ஓர் இரவு, பாம்பனின் தென்கரையான தெற்குவாடியில் கட்டி நிறுத்தியிருந்த ஒரு படகின் வீல் ஹவுசில், அதாவது படகை ஓட்டும் அறையில், பேட்டரி மாற்றிவிட்டு, செட் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று நாற்பது. இரைச்சலுக்கு நடுவில், "தெற்குவாடி, தெற்குவாடி, யாராச்சும் கேக்குறீங்களா" என்று ஒரு குரல் வந்தது. தென்கடலுக்குப் போன நாட்டுப்படகு அது. ஐந்து பேர் இருந்தார்கள். எஞ்சின் நின்றுபோய், வாடைக்காற்றில் படகு குறுக்கே விழுந்து அலை வாங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் தூக்கிப் பார்க்க முயன்ற இளைஞர் ஒருவரின் கால், எஞ்சினுக்கும் பலகைக்கும் இடையே நசுங்கிவிட்டது. அவர்களிடம் இருந்ததோ ஐந்து வாட் கையடக்கச் செட் ஒன்றுதான், அதிலும் சார்ஜ் பாதிக்குக் கீழே. படகை நடத்தும் மண்டாடி பதறவில்லை. "ஒம்பது, பன்னெண்டு அஞ்சு, எழுபத்தொம்பது, பத்து" என்று ஜி.பி.எஸ்.ஸில் பார்த்து இடத்தைச் சொன்னார். கையில் இருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்து வரும் நேரங்களெல்லாம் அதில் உள்ளவையே.

முதலில் அழைத்த எண்ணில், எந்தக் காவல் நிலைய எல்லை என்று கேட்டார்கள். கடல் என்றேன். வேறோர் எண்ணைக் கொடுத்தார்கள். அங்கிருந்து மூன்றாவது எண். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டு, இடத்தை எழுதிக்கொண்டு படகு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். பன்னிரண்டு ஐந்துக்கு மீட்புப் படகு புறப்பட்டது. அந்தப் படகிலிருந்தவர்களிடம் அவர்கள் துறையின் செட் மட்டுமே இருந்தது. கடல் சேனல்களைக் கேட்கும் செட் பழுதாகி, கழற்றப்பட்டு, திரும்பி வராமல் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. ஆகவே காப்பாற்றப் போகிறவரும் காப்பாற்றப்பட வேண்டியவரும் ஒரே கடலில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேச முடியவில்லை. மண்டாடி என்னிடம் செட்டில் சொல்வார். நான் கைப்பேசியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வேன். அவர்கள் தங்கள் மைக்கில் படகுக்குச் சொல்வார்கள். பதில் அதே வழியில் திரும்பி வரும். "டார்ச் அடிக்கிறார்களா?" என்ற ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப, என் தாளின்படி, பதினோரு நிமிடம் ஆனது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மீட்புப் படகு சொன்ன இடத்தை அடைந்தது. அங்கே யாரும் இல்லை. மண்டாடியோ தன்னைச் சுற்றி ஒரு வெளிச்சமும் தெரியவில்லை என்றார். அதன் பிறகு எல்லோரும் ஒருவர் மீது ஒருவர் சந்தேகப்பட்டோம். பொய்த் தகவலோ என்றுகூட ஒருவர் கேட்டார். ஒன்று பத்துக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் படகுகளின் ஜி.பி.எஸ். டிகிரியையும் நிமிடத்தையும் காட்டும். மண்டாடி சொன்னது 9 டிகிரி 12.5 நிமிடம். கரையில் கணினி வரைபடத்தில் அதை 9.125 டிகிரி என்று தட்டியிருக்கிறார்கள். டிகிரிக்கு அறுபது நிமிடம் என்பதால் 12.5 நிமிடம் என்பது 0.208 டிகிரி, தட்ட வேண்டியது 9.208. இந்த ஒரு பிழையில் ஐந்து கடல்மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், தெற்கே போய்விட்டார்கள். தீர்க்கரேகையிலும் இதே தவறு நேர்ந்து மேற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளியது. இரண்டும் சேர்ந்து நேர்க்கோட்டில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கிலோமீட்டர். இப்படித் தட்டினால் நம் கடலில் படகு எப்போதும் தெற்கேயும் மேற்கேயுமே தள்ளிப்போகும் என்பதையாவது உங்கள் கட்டுப்பாட்டு அறைகளில் எழுதி ஒட்டி வைத்தால் நல்லது. மீட்புப் படகும் மண்டாடியும் நேராகப் பேசியிருந்தால், "நிமிஷமா, டிகிரியா?" என்ற ஒரே கேள்வியில் இது தீர்ந்திருக்கும்.

இரண்டு மணிக்கு அவர்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே முக்காலுக்குப் படகு தெற்குவாடியை அடைந்தது. ஆம்புலன்ஸ் அங்கே இல்லை. "பாம்பன் கடற்கரை" என்று யாரோ யாரிடமோ சொன்னதால் அது வடக்குக் கடற்கரையில், விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாக நின்றிருக்கிறது. வடகடல், தென்கடல் என்று இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கும் ஊரில் "கடற்கரை" என்று மட்டும் சொன்னால் போதாது என்பது இங்குள்ள பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து பணிக்கு வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டுநரின் எண் அங்கிருந்த யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த்தான் வண்டியை அழைத்து வந்தான். மூன்று பத்துக்கு வண்டி பாலம் ஏறியது. அந்த இளைஞருக்குக் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் படகில் ஏறவும் இல்லை. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார்.

அந்த மூன்றரை மணி நேரத்தில் யாரும் கடமை தவறவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தார்கள். அவர்களுக்கு நடுவில் இணைப்பாக இருந்தது ஒரு கையில் செட்டும் மறு கையில் கைப்பேசியுமாக நின்ற ஒரு பட்டறைக்காரன். அன்று எனக்குக் காய்ச்சல் என்றால் என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

இந்தக் கடற்கரையில் பாதுகாப்புக்கு ஆள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மண்டபத்தில் கடலோரக் காவல் படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, தமிழ்நாடு காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சட்டம் ஒழுங்குக் காவல் நிலையங்கள், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைக் காக்கும் வனத்துறை, மீன்வளத்துறை, சுங்கத்துறை, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை, 108 ஆம்புலன்ஸ் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதற்கேற்ப எண்களும் பெருகிவிட்டன. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, பொது அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101. மூழ்கிக்கொண்டிருக்கும் படகில் இவற்றில் எதை முதலில் அழுத்துவது என்று நீங்களே சொல்லுங்கள்.

செட் விஷயத்துக்கு வருகிறேன். கடலில் ஓடும் படகும் கப்பலும் பேசும் வி.எச்.எப். அலைவரிசை உலகம் முழுவதும் ஒன்றே. அதில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. கொரியக் கப்பலின் செட்டும் ஏர்வாடி வள்ளத்தின் செட்டும் அதில் பேசிக்கொள்ளும். கரையில் அப்படி இல்லை. காவல் நிலையத்தின் மைக் அந்தத் துறைக்கு ஒதுக்கிய அலைவரிசையில் ஓடுகிறது; தீயணைப்பு வண்டிக்கும் வனத்துறைக்கும் தனித்தனி அலைவரிசை; ஆம்புலன்ஸ் கைப்பேசியையே நம்பியிருக்கிறது. சில செட் பழைய அனலாக், சில டிஜிட்டல். டிஜிட்டலிலும் தயாரிப்பாளருக்கு ஒரு முறை. இரண்டு செட்டை ஒரே மேசையில் அருகருகே வைத்துக் கத்தினாலும் ஒன்று மற்றதைக் கேட்காது. ஆனாலும் இது தீராத சிக்கல் அல்ல. ஒரு செட்டின் ஸ்பீக்கர் ஒலியை எடுத்து மற்றொரு செட்டின் மைக்கில் ஊட்டும் இணைப்புக் கருவிகள் சந்தையில் நெடுங்காலமாகக் கிடைக்கின்றன. அன்று இரவு என் காதும் வாயும் செய்த வேலையைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது, நிமிடத்துக்குப் பதிலாக நொடியில்.

நம் நாட்டுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல இது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தெற்குக் கோபுரம் சரிந்த பிறகு, வடக்குக் கோபுரமும் விழப்போகிறது என்று காவல் துறையின் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரித்தார்கள். அந்தக் குரல் காவல் துறையின் வயர்லெஸ்ஸில் கேட்டது. கட்டடத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் செட்டுக்கு அது போய்ச் சேர வழியில்லை. அன்று 343 தீயணைப்புத் துறையினர் இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் வயர்லெஸ் காரணமல்ல என்றாலும், அந்த ஒரு இடைவெளி விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஏறியது. 2012-இல் மீட்புத் துறைகள் அனைத்துக்கும் பொதுவான தனி வலையமைப்பை உருவாக்க அங்கே சட்டமே இயற்றினார்கள். அவ்வளவு பெரிய செலவை நாங்கள் கேட்கவில்லை.

இனி வாட்ஸ்அப். கரையிலிருந்து சில கடல்மைல் தாண்டினால் கைப்பேசியில் சிக்னல் கோடு இருக்காது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றாலே சில கைப்பேசிகள் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்டுக்கு வரவேற்புச் செய்தி காட்டுவதைச் சுற்றுலா வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். மீட்புக்குப் போகிறவருக்கு அது சிரிப்பல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, வடக்கே டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசியும் நாள்கணக்கில் செத்துக் கிடந்தன. புயல் அன்றைக்கு எது முதலில் சாகுமோ அதையே புயல் அன்றைக்கான ஏற்பாடாக நீங்கள் வைத்திருக்கிறீர்கள். கைப்பேசி நன்றாக இருக்கும் நாளிலும், குழுவில் போட்ட செய்தியைப் பார்த்ததற்கு நீலக்குறி விழும். படகை அவிழ்த்துப் புறப்பட்டுவிட்டேன் என்பதற்கு எந்தக் குறியும் விழாது. வயர்லெஸ்ஸில் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "ஓவர்" என்று முடிக்கும் பழக்கம் உங்கள் காவலர்களுக்குப் பயிற்சியிலேயே ஊட்டப்படுவது எதற்காக என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை வெளியாவதற்குள் குமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வெகுதூரம் போய்விட்டிருந்தன. அவர்களிடம் செய்தி சேர்க்கக் கரையில் கருவி இல்லை. அதன் பின் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவிகளும், இருவழியும் செய்தி போகும் ஆபத்துக்கால டிரான்ஸ்மிட்டரும், படகுகளுக்கான டிரான்ஸ்பாண்டர்களும் வந்திருக்கின்றன. நல்ல கருவிகள், நானே சிலவற்றைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவை கடலின் குரலைக் கரையில் ஓர் அலுவலகத்தில் கொண்டுவந்து இறக்குவதோடு சரி. அந்த அலுவலகத்திலிருந்து அடுத்த அலுவலகத்துக்கு அது பழையபடி கைப்பேசியில்தான் நடந்து போகிறது. தவிர, அவை பெரும்பாலும் விசைப்படகைக் கணக்கில் கொண்டு வந்தவை. வள்ளம், வத்தை போன்ற சிறு படகு வைத்திருப்பவருக்கு இன்னும் கையடக்கச் செட்டுதான் கதி, அதுவும் வாங்க முடிந்தவருக்கு.

காவல் துறையின் பேச்சைப் படகில் இருப்பவரெல்லாம் கேட்கக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமே. கடத்தலும் ஊடுருவலும் நடக்கும் கடற்கரை இது. உங்கள் அன்றாடச் சேனலைத் திறந்துவிடும்படி நான் கேட்கவில்லை. மீட்பு நடக்கும் நேரத்துக்கு மட்டும், அதில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் வந்து சேரும் ஒரு பொதுச் சேனலைக் கேட்கிறேன். அங்கே படகின் இடமும் ஆளின் நிலையும் படகு கரையேறும் இடமும் பேசப்படும். இரகசியம் என்று அங்கே எதுவும் இல்லை.

எங்கள் பக்கக் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். 16-ஆம் சேனலில் இறால் விலை பேசுவதும், பாட்டுப் போடுவதும், மைக்கின் பொத்தான் அமுங்கியிருப்பது தெரியாமல் படகு முழுவதும் அரட்டை அடிப்பதும் எங்கள் ஆட்கள்தான். அழைப்பை மட்டும் அதில் செய்துவிட்டு வேறு சேனலுக்கு நகர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவரும் நகர்வதில்லை. செட்டுக்கு உரிமம் வாங்கும் நடைமுறையைப் பார்த்து மிரண்டு, உரிமமில்லாமல் வைத்துக்கொண்டு, ஆபத்தில்கூடக் கூப்பிட அஞ்சுகிறவர்களை நான் அறிவேன். இதைத் திருத்தும் பொறுப்பில் சங்கங்களுக்கும் படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளுக்கும் பங்கு உண்டு. வகுப்பு நடத்துங்கள், கூலி வாங்காமல் நான் வந்து சொல்லித் தருகிறேன்.

வி.எச்.எப். அலை பூமியின் வளைவைத் தாண்டிப் போகாது. எட்டும் தூரம் ஏரியலின் உயரத்தைப் பொறுத்தது. மூன்று மீட்டர் உயர ஏரியல் உள்ள இரண்டு படகுகளுக்கு நடுவே கணக்குப்படி 14 கிலோமீட்டர்தான். கரையில் நூறு மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால் அதே படகை 48 கிலோமீட்டர் வரை கேட்கலாம். இராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவுக்கு அப்பாலும், இந்தப் பக்கம் பாம்பன், மண்டபம் அருகே உள்ள தீவுகள் வரையிலும் அதற்குள் அடங்கும். கையடக்கச் செட்டுக்கு இது குறையும்; ஆனாலும் என் மேசை உயரத்தில் கேட்பதைவிடப் பல மடங்கு மேல். அந்த உயரத்துக்கு நாம் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் ஏற்கெனவே நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஓர் ஏரியலுக்கு இடம் கேட்டுப் பெறுவது, ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதும் கடிதத்தில் முடிய வேண்டிய வேலை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. இருபத்து நான்கு மணி நேரமும் 16-ஆம் சேனலைக் கேட்கும் ஒரு கூட்டுக் கட்டுப்பாட்டு அறையை இந்த மாவட்டத்தில் அமையுங்கள். அங்கே காவல், தீயணைப்பு, வனம், ஆம்புலன்ஸ் என எல்லாத் துறைகளின் செட்டும் ஒரே மேசையில் இணைப்புக் கருவியோடு இருக்க வேண்டும். இரவில் அதன் முன் கடல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மீனவர் எந்த அவசர எண்ணை அழைத்தாலும் அந்த அழைப்பு அந்த மேசைக்கே வந்து சேரட்டும். எண்ணைக் கொடுத்து அலையவிடும் வழக்கம் நிற்கட்டும். மீட்புக்குப் புறப்படும் எந்தத் துறையின் படகும், வேலை செய்யும் கடல் வி.எச்.எப். செட் இல்லாமல் கயிற்றை அவிழ்க்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். பழுதுக்குப் போன செட்டுக்கு மாற்றுச் செட் அன்றே வர வேண்டும்.

இடத்தைச் சொல்லும் முறையையும், தொண்டி முதல் மூக்கையூர் வரை படகு கரையேறும் இடங்களின் பெயர்களையும் ஒரே பட்டியலாக்கி எல்லாத் துறைக்கும் கொடுங்கள். தெற்குவாடி, குந்துகால், வடக்குக் கடற்கரை என்று ஊர்க்காரர் சொல்லும் பெயரே அதில் இருக்கட்டும்; அதைத் தொகுக்க ஒரு நாள் போதும், நாங்கள் உட்கார்ந்து தருகிறோம். சாகர் கவச் என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் ஊடுருவலைப் பிடிக்கப் பயிற்சி எடுக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, நள்ளிரவில், வாடைக்காற்று வீசும் மாதத்தில், ஒரு வள்ளத்தைத் தென்கடலில் நிறுத்தி மீட்பு ஒத்திகை நடத்துங்கள். ஆம்புலன்ஸும் அதில் இருக்க வேண்டும். முதல் குரலுக்கும் முதல் பதிலுக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது என்பதை அன்றே மீனவர் சங்கங்களுக்குச் சொல்லுங்கள். நாட்டுப்படகுகளுக்குத் தண்ணீர் புகாத கையடக்கச் செட்டை மானியத்தில் கொடுத்து, உரிம விண்ணப்பத்தை மீன்வளத்துறை அலுவலகத்திலேயே பூர்த்தி செய்து அனுப்ப வழி செய்யுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அதில் மூன்று விவரங்களைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்: மீட்பின்போது எல்லோரும் பேச வேண்டிய சேனல் எது, அழைக்க வேண்டிய ஒரே எண் எது, இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தப் பொறுப்பில் இருப்பவர் எந்தப் பதவியில் உள்ளவர். பதில் வந்த அன்றே அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, என் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு படகின் வீல் ஹவுசிலும் செட்டுக்கு மேலே நானே ஒட்டிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகின் முன்னாள் டிரைவர், பாம்பன்